நம்ம பாரமகாலில், அதாவது கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்தில், இஸ்லாம் உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டது? அனுபவத்தைச் சொல்லுங்கள்

காவேரிப்பட்டணம் விவசாயி:

தாலுகா ஆபீஸில் வருஷா வருஷம் நிலவரிக் கணக்குப் பார்க்கிற ஜமாபந்திக்குப் போன தடவை பட்டா மாறுதல் மனுவோடு போயிருந்தேன். ஒண்ணேகால் ஏக்கர் இன்னும் தாத்தா பேரிலேயே கிடக்கிறது. தாலுகா ஆபீஸ் வாசலில் ‘பசலி 1434 வருவாய்த் தீர்வாயம்’ என்று பேனர். முற்றத்தில் நில அளவைச் சங்கிலியை நீட்டிப் போட்டுச் சரிபார்த்துக் கொண்டிருந்தார்கள். புங்க மர நிழலில் ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. ஒருவர் வந்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக் கொண்டிருந்தார். அவருடைய அப்பா அந்தக் காலத்துக் கர்ணமாம். என் முறை வந்ததும் கேட்டேன்: “ஐயா, நாம 2025ல இருக்கோம், இது என்னங்க 1434?”

அவர் என் மனுவின் பின்பக்கத்தைத் திருப்பி அதிலேயே கணக்குப் போட்டார்.

“பஸ்ல்னா அரபியில பருவம் தம்பி, இங்கே அறுவடைப் பருவம். ஹிஜ்ரிங்கிற இஸ்லாமிய வருஷம் நிலாக் கணக்கு, வருஷத்துக்கு 354 நாள்தான். சூரியக் கணக்கை விட 11 நாள் குறைச்சல். அந்தக் கணக்குல வரி கேட்டா என்ன ஆகும்? வருஷா வருஷம் தேதி முன்னாடி நகர்ந்துக்கிட்டே வரும். கதிர் பால் பிடிக்கும்போதே வசூலுக்கு ஆள் வந்து நிப்பான். 33 வருஷத்துல குடியானவன் ஒரு வரி கூடுதலாக் கட்டியிருப்பான். அதனால அக்பர் அறுவடைக்குன்னு சூரிய வருஷம் ஒண்ணு கொண்டுவந்தார். தக்காணத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் ஷாஜகான், 1636ல. அப்போ ஹிஜ்ரி 1046. அந்த எண்ணை வச்சுக்கிட்டு அங்கிருந்து சூரியக் கணக்கா எண்ணிக்கிட்டு வர்றோம்.”

கீழே இரண்டு எண்களை எழுதினார். ஹிஜ்ரி 1446. பசலி 1434. “பன்னெண்டு வித்தியாசம் இல்ல? 1636லிருந்து இன்னைக்கு வரைக்கும் நிலா அந்தப் பன்னெண்டு வருஷம் அதிகமா ஓடியிருக்கு. உனக்குச் சுலபமா வேணும்னா, பசலியோட 590ஐக் கூட்டு. அந்த இங்கிலீஷ் வருஷம் ஜூலை ஒண்ணாம் தேதி ஆரம்பிக்கும்.”

அப்புறம் என் மனுவைத் திருப்பிச் சில சொற்களுக்குக் கீழே கோடு போட்டார். தாசில்தார், தாலுகா, பிர்கா, ஜமாபந்தி, ரசீது, நகல். எல்லாம் அரபியும் பாரசீகமும். கோடு போட்டு முடித்ததும் மனுவில் பாதி அவர் கோடுதான். 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு பாரமகாலை வெள்ளைக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்த பிறகு கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே வந்து ஊர் ஊராக அளந்து, குடியானவனிடமே நேராக வரி வாங்குகிற ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டார்கள். ஆட்சி மாறியது, வரிக் கணக்கின் பேச்சு மாறவில்லை. ரயத்து என்பதே அரபிச் சொல் என்றார். ‘பாரமகால்’ என்கிற பேரிலும் பாதி அப்படித்தான். பாரா என்றால் உருதில் பன்னிரண்டு. மகால் அரபிச் சொல், அதை அரண்மனை என்பார்கள், கோட்டை என்பார்கள். வரி வட்டத்துக்கும் மகால் என்றுதான் பெயர்.

பள்ளியில் நான் படித்த இஸ்லாமிய ஆட்சி எல்லாமே படையெடுப்பும் முற்றுகையும்தான். என் தாத்தாவின் நிலத்துக்கு வரி கேட்ட நாட்காட்டியே அதிலிருந்து வந்தது என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஐம்பது வயதில் ஒரு மர நிழலில் தெரிந்துகொண்டேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது எதிர்ப்பட்டிருக்கும். சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி பழையபேட்டைக்காரன்:

அண்ணா, நான் மலையடிவாரத்தில் பிறந்தவன். வெளியூர்க்காரர்கள் கோட்டை மலை என்பார்கள், எங்களுக்கு அது சையத் பாஷா மலை. கோட்டையும் மேலே, தர்காவும் மேலே. ஏறும்போது கல் சூடாகும் முன்னால் ஏறிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் காலை வைக்க முடியாது.

அந்தக் கோட்டையைப் பற்றி எனக்குப் பிடித்த ஒரு செய்தி. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த கம்பெனிப் படை அடிவாரப் பேட்டைக்குள் நுழைந்துவிட்டது. மேல்கோட்டையை மட்டும் பிடிக்க முடியவில்லை. திப்புவின் வீரர்கள் மேலேயிருந்து பாறைகளை உருட்டி விட்டார்கள். அடுத்த வருஷம் அதே கோட்டை உடன்படிக்கைக் காகிதத்தில் அவர்கள் கைக்குப் போனது. நின்று பார்த்தால் தெரியும், அந்தச் சரிவில் ஒரு ஆள் பாறையோடு உருண்டால் எங்கே போய் நிற்பான் என்று.

ஆனால் எனக்கு முதலில் எதிர்ப்பட்டது கோட்டை இல்லை. எனக்கு நாலு வயது இருக்கும்போது ராத்திரியில் அலறி எழுந்திருப்பேனாம். அம்மா ஒரு எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு சாயங்கால மஃரிப் தொழுகை முடிகிற நேரத்தில் என்னைப் பள்ளிவாசல் வாசலுக்குக் கூட்டிப்போவார். எங்களைப் போலவே ஏழெட்டு அம்மாக்கள் குழந்தைகளோடு நிற்பார்கள், பெரும்பாலும் நெற்றியில் குங்குமம் வைத்தவர்கள். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, ஏதோ ஓதி, சொம்பில் ஊதிவிட்டுப் போவார்கள். சிலர் என் தலையிலும் ஊதுவார்கள். அத்தர் வாசனை வரும். காசு யாரும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து அந்தத் தண்ணீரில் ஒரு வாய் குடித்துவிட்டுத் தூங்குவேன். இன்றைக்கும் என் மனைவி பெண்ணைக் கூட்டிப் போகிறாள். இதை மதநல்லிணக்கம் என்று மேடையில் சொன்னால் அம்மாவுக்குப் புரியாது. அவருக்கு அது காய்ச்சலுக்குக் கஷாயம் மாதிரி.

சந்தூர் மாந்தோப்பு:

நான் சின்னதாகச் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் தோப்பில் ஒரு வரிசை இமாம் பசந்த். பசந்த் என்றால் விருப்பம். இமாமுக்குப் பிடித்த பழம். அதற்கடுத்து நாலு மரம் ஜஹாங்கீர். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்கு வருஷா வருஷம் தட்டில் அடுக்கிப் பேர் எழுதி வைக்கிறேன், ஒரு நாளும் அந்தப் பேர்களை நின்று யோசித்ததில்லை. ஒட்டுக்கட்டி ரகம் காப்பதில் நவாப்புகளின் தோட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நாங்கள் கூழுக்குக் கொடுப்பது பெங்களூராதான், வயிற்றுப்பாடு அதில். வீட்டுக்கு வைத்துக்கொள்வது மட்டும் இமாம் பசந்த்.

பாலக்கோடு பட்டுக்கூடு:

நாங்கள் மல்பெரி போட்டுப் புழு வளர்க்கிறவர்கள். நாலாம் தோல் உரித்த பிறகு ஏழு நாள் புழு தின்கிற தீனி இருக்கிறதே, வீட்டில் மனுஷன் சாப்பிட மறந்துபோகும். அப்புறம் புழு பழுக்கும். உடம்பு லேசாக மஞ்சளித்து, தலையைத் தூக்கி ஆட்டும். அந்த ராத்திரி குடும்பமே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கூடு கட்டுகிற தட்டான சந்திரிகையில் விடுவோம். இந்தத் தொழிலை மைசூர் ராஜ்ஜியத்தில் ஊன்றியவர் திப்பு. வங்காளத்திலிருந்து புழுவும் வளர்க்கத் தெரிந்த ஆளும் வரவழைத்தார். அப்போது எங்கள் பக்கமும் அவர் ஆட்சியில்தான் இருந்தது.

நான் சொல்ல வந்தது வேறு. மார்க்கெட்டுக்குக் கூடு கொண்டுபோன ஒரு நாள் டீக்கடையில் திப்புவைப் பற்றிச் சண்டை வந்துவிட்டது. ஒருவர் வெள்ளைக்காரனிடம் மண்டியிடாத மாவீரன் என்கிறார். இன்னொருவர் குடகில் செய்ததைப் பேசு என்கிறார். சத்தம் ஏற ஏற, அந்த இரண்டாமவர் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பாயிடம் திரும்பி, “உங்க திப்பு செஞ்சதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டுவிட்டார். அந்தப் பாய் கூடு வாங்க வந்தவர், பாட்டன் காலத்திலிருந்து நூல் எடுக்கிற குடும்பம். டம்ளரைக் கீழே வைத்தார். “எனக்கு அவர் சொந்தமும் இல்ல, பந்தமும் இல்லீங்க. நான் கூடு எடுக்க வந்தேன்” என்றார். என்னைப் பார்த்து, “உங்க லாட்டுல ஈரம் எப்படிண்ணே?” என்று கேட்டார். அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது.

அன்றைக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன். இரண்டு பேர் சொன்னதும் நடந்ததுதான். குடகிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்துச் சீரங்கப்பட்டணம் கொண்டுபோனதும், மலபாரிலும் குடகிலும் கட்டாய மதமாற்றம் நடந்ததும் வரலாறு. 1791ல் மராட்டியக் குதிரைப்படை சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது, திப்பு அந்த மடத்துச் சுவாமிகளுக்குக் கன்னடத்தில் மரியாதையோடு கடிதம் எழுதி, மறுபடி பிரதிஷ்டை செய்யப் பணம் கொடுத்ததும் வரலாறு. எதிர்த்தவனை நசுக்கினார், தன் குடிகளின் மடத்தைக் காப்பாற்றினார். அந்தக் காலத்து ராஜாக்களில் பலர் இப்படித்தான் இருந்தார்கள். 1799 மே 4ஆம் தேதி செத்துப்போன ராஜாவின் கணக்கை, 200 வருஷம் கழித்து டீக்கடையில் நிற்கிற நூல்காரரிடம் வசூலிக்க எவனுக்கும் உரிமை கிடையாது.

ஓசூர், பிறந்தது கிருஷ்ணகிரி:

பாலக்கோடு அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பாய் மாதிரி என் அப்பாவும் பேச்சை மாற்றித்தான் வாழ்ந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இங்கே வாடகைக்கு வீடு தேடினோம். வேலை என்ன, சம்பளம் என்ன, எத்தனை பேர் எல்லாம் கேட்டு முடித்து, அட்வான்ஸ் பேசி, கடைசியில் பேர் கேட்பார்கள். சொன்னதும் “வீட்ல கலந்துட்டுச் சொல்றேம்மா.” நாலு வீடு அப்படிப் போனது. ஐந்தாவது வீட்டம்மா நல்ல மனுஷி, வீடு கொடுத்தார். ஆனால் பால் காய்ச்சிய அன்றைக்கு, “தமிழ் நல்லா பேசறியே கண்ணு, நீங்க தமிழ்நாட்டுக்கு எப்போ வந்தீங்க?” என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை.

என் சாதிச் சான்றிதழில் ‘தக்கனி முஸ்லிம்’ என்று இருக்கும். தமிழ்நாட்டுப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் லப்பை, ராவுத்தர், மரைக்காயரோடு எங்களுக்கும் இடம் உண்டு. 2007ல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. பி.சி.எம். என்கிற அந்த மூன்றெழுத்தில்தான் எங்கள் வீட்டின் முதல் இன்ஜினியர் நான். வீட்டில் பேசுவது தக்கனி உருது. 17ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர் சுல்தான்களின் படையோடும், பிறகு ஹைதர் அலி காலத்திலும் இந்தப் பக்கம் வேர் பிடித்த பேச்சு. ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நக்கோ’ என்போம், அது மராத்தியிலிருந்து வந்தது. ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஹவ்’. வடக்கே ட்ரெய்னிங் போனபோது லக்னோ பெண்கள் என் உருதைக் கேட்டுச் சிரித்தார்கள். இங்கே வந்தால் என் தமிழைக் கேட்டு ஆச்சரியப்படுகிறார்கள். இரண்டுமே என் வாயில் பிறந்த மொழி.

என் நானா, அதாவது அம்மாவின் அப்பா, ஒரு விஷயத்தை உருதில்தான் சொல்வார், சொல்லும்போது நிமிர்ந்து உட்காருவார். நாடு பிரிந்த பிறகு முஸ்லிம்களுக்குக் கட்சியே வேண்டாம், கலைத்துவிடுங்கள் என்று நாலா பக்கமும் நெருக்கடி. அந்த நேரத்தில் 1948 மார்ச் 10ஆம் தேதி சென்னை ராஜாஜி ஹாலில் காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கைத் தொடங்கினார். இந்த நாட்டின் அரசியல் சட்டத்துக்குள் நின்று வாக்குச்சீட்டால் உரிமை கேட்போம் என்பது அவர் வழி. 1949ல் அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி விவாதம் வந்தபோது, பழமையைப் பார்ப்பதென்றால் இந்த மண்ணில் பேசப்படும் மொழிகளில் திராவிட மொழிகள்தான், தமிழ்தான் மூத்தது என்று எழுந்து சொன்னார். 1967ல் அண்ணாவின் கூட்டணியில் முஸ்லிம் லீக்கும் இருந்தது, ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் இருந்தது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி நான் இருக்கிற இடத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். “அந்த எலக்‌ஷன்ல அவர் ஊரும் நம்ம ஊரும் ஒரே பக்கம் ஓட்டுக் கேட்டோம் பேட்டி” என்பார் நானா. பேட்டி என்றால் மகள். அவருக்கு நான் பேத்தியில்லை, மகள்.

வீட்டம்மாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பக்ரீதுக்கு அவருக்குத் தனியாகக் காய்கறி பிரியாணி செய்து கொடுத்தேன், பாத்திரத்தில் பருப்புப் பாயசம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பழையபேட்டைக்காரன்:

அக்கா, அந்த நாலு வீட்டில் ஒன்று எங்கள் சொந்தக்காரர் வீடாகக்கூட இருக்கலாம். எங்கள் வீட்டிலேயே அப்படிப் பேச்சு வந்திருக்கிறது. அம்மா சொம்பு எடுத்துக்கொண்டு நின்ற வாசலை அவர்களுக்கு ஞாபகப்படுத்தினேன், பேச்சை நிறுத்தினார்கள். மனசு மாறியதா என்று தெரியாது.

காவேரிப்பட்டணம் விவசாயி:

எல்லாருக்கும் நன்றி. ஒன்று சொல்ல வேண்டும். பட்டா மாறுதலுக்குப் பழைய காகிதம் கேட்டார்கள் என்று தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். கரையான் தின்றது போக ஒரு தக்காவிக் கடன் ரசீது கிடைத்தது. கிணறு வெட்ட சர்க்கார் கொடுத்த கடன். தக்காவியும் அரபிதான், பலப்படுத்துவது என்று பொருள். ரசீதில் பசலி 1361 என்று இருக்கிறது.

அப்பாவுக்குப் பிறந்த தேதி தெரியாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒரு ஜூன் மாசத் தேதியைப் போட்டுவிட்டார். “கெணறு வெட்டின வருஷம், தண்ணி வந்த மறுவாரம் பொறந்தான்” என்பது மட்டும் பாட்டி சொன்னது. நேற்று அப்பாவைத் திண்ணையில் உட்கார வைத்து, 1361ஐயும் 590ஐயும் எழுதிக் கூட்டிக் காட்டினேன். 1951 ஜூலைக்கும் 1952 ஜூனுக்கும் நடுவில்.

அப்பா அந்தக் காகிதத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “அப்போ நான் நெனச்சதை விட ஒரு வயசு கம்மிடா” என்றார்.