பூங்காவில் கூடு கட்டியுள்ள வல்லூறு: எவ்வளவு அருகில் நின்று பார்க்கலாம்?

காலைநடை:

தென்சென்னையில் எங்கள் வீட்டருகே உள்ள மாநகராட்சிப் பூங்காவில், நடைபாதையை ஒட்டி நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் உயர்ந்த கவட்டில், ஓர் இணைப் பறவைகள் மார்ச் மாதக் கடைசியில் குச்சிகளைக் கொண்டு கூடு கட்டத் தொடங்கின. பூங்காவுக்கு வருவோர் அவற்றைப் பருந்து என்கிறார்கள். ஆனால் உடல் புறாவின் அளவுதான் இருக்கிறது. மேற்புறம் சாம்பல் நிறம், மார்பில் குறுக்காகச் செம்பழுப்புக் கோடுகள், ஒன்றின் கண் நல்ல சிவப்பு. ஆகவே வல்லூறு என்று கருதுகிறேன். இப்போது மே மாத இரண்டாம் வாரம். கூட்டின் விளிம்பில் வெண்பஞ்சு போர்த்த தலைகள் தெரிகின்றன. சில நாட்களுக்கு முன் நான்கு எண்ணினேன். இப்போது மூன்றுக்கு மேல் தெரியவில்லை.

மரத்தடியில் நின்று பார்ப்பது அவற்றுக்குத் தொந்தரவாகுமா? பெரியவர் ஒருவர் இரக்கப்பட்டுக் கோழித் துண்டுகளைத் தினமும் மரத்தடியில் வைக்கிறார்; அது நல்லதா? மின்கம்பியில் உரசும் கிளைகளை அடுத்த வாரம் வெட்டப்போவதாகப் பூங்காப் பணியாளர்கள் சொல்கிறார்கள், என்ன செய்யலாம்? இன்னொன்று, இவற்றின் குரல் பூங்காவின் மறுகோடியிலிருந்தும் கேட்கிறது. இரண்டாவது இணை ஒன்று இருக்கக்கூடுமா?

கவட்டை:

நீங்கள் கண்டது வல்லூறுதான். சிவந்த கண் ஆணுடையது. பெட்டையின் கண் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறமாக இருக்கும், உடலும் ஆணைவிடப் பெரியது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் கூட்டில் நடப்பது பாதி விளங்கிவிடும். ஏனெனில், குஞ்சுகள் சிறியவையாக இருக்கும் வரை வேட்டை பெரும்பாலும் ஆணின் பொறுப்பு, கூட்டைவிட்டு அகலாமல் இருப்பது பெட்டையின் பொறுப்பு. ஓணானோ அணிலோ சிறு பறவையோ பிடித்த ஆண், பெரும்பாலும் நேரே கூட்டுக்கு வராமல் சற்றுத் தள்ளி ஒரு கிளையில் அமர்ந்து குரல் கொடுக்கும். பெட்டை எழுந்து போய் வாங்கி வந்து, துணுக்குத் துணுக்காகக் கிழித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டும். வல்லூறின் உறவினங்கள் சிலவற்றில், தாயில்லாமல் போனால் ஆண் இரையைக் கொண்டுவந்து போட்டாலும் அதைக் கிழித்து ஊட்ட அதற்குத் தெரியாததால் குஞ்சுகள் பட்டினியால் இறந்ததைக் கண்டிருக்கிறார்கள்.

எத்தனை அடி தள்ளி நிற்பது என்பதற்கு ஓர் எண்ணைச் சொல்வதைவிட, பெட்டையின் நடத்தையையே அளவுகோலாகக் கொள்ளச் சொல்வேன். நடைப்பயிற்சி செய்வோர் நூறு பேர் கீழே போய்வந்தாலும் அவள் பொருட்படுத்தமாட்டாள். ஒருவர் நின்று, அண்ணாந்து, பைனாகுலரைத் தூக்கினால் உடனே கவனிப்பாள். ஊட்டுவதை நிறுத்திவிட்டு உங்களையே உற்றுப் பார்த்தாலோ, எழுந்து நின்று கத்தினாலோ, நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். கத்திரி வெயிலில் இறகுகளை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருபவள் அவள்தான். உச்சி வேளையில் அவளைக் கூட்டிலிருந்து எழுப்பிவிடுவதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை. எனவே அதிகாலையில், சற்றுத் தொலைவில் உள்ள இருக்கையில் அமர்ந்து பாருங்கள்.

நான்காவது குஞ்சைப் பற்றி ஆறுதல் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. இரைகொல்லிப் பறவைகள் பலவற்றில் எல்லா முட்டைகளும் ஒரே நாளில் பொரிவதில்லை. கடைசியில் பொரித்தது சிறியதாக இருக்கும், இரை குறையும் நாட்களில் அதற்குப் பங்கு கிடைக்காது. மரத்தடியில் வெள்ளை எச்சம் நாளுக்கு நாள் அதிகமாகிறதா என்று பாருங்கள். சற்று வளர்ந்த குஞ்சுகள் கூட்டின் விளிம்புக்குப் பின்புறமாக நகர்ந்து வந்து வெளியே பீய்ச்சுவதால், அது குஞ்சுகள் நன்றாக உண்கின்றன என்பதற்கு அடையாளம்.

கோழித் துண்டுகளை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வல்லூறு அதைத் தொடாது. காகங்களும் பூனைகளும்தான் வரும், இரண்டுமே குஞ்சுகளுக்குப் பகை.

மறுகோடியில் கேட்கும் குரல் கரிச்சானுடையதாக இருக்கலாம். வல்லூறைப் போலவே கத்திப் பிற பறவைகளை விரட்டுவது அதற்குக் கைவந்த கலை. நானே இருமுறை ஏமாந்து, இல்லாத வல்லூறைத் தேடி மரம் மரமாக அலைந்திருக்கிறேன்.

அலுவலகத் தாள்:

கிளை வெட்டுவது குறித்து மட்டும் சொல்கிறேன். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டை என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே வருகின்றன. வல்லூறு அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. பணியாளர்களிடம் வாதிடுவதால் பயனில்லை, அவர்கள் மேலதிகாரிகள் சொன்னதைச் செய்பவர்கள். பூங்காப் பொறுப்பாளருக்கும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுத்து, படியை வனத்துறைக்கு அனுப்புங்கள். வெட்டவே கூடாது என்று எழுதாமல், குஞ்சுகள் பறந்து போகும் வரை, அதாவது ஜூன் இறுதி வரை, அந்த ஒரு மரத்தை மட்டும் விட்டுவைக்கக் கேளுங்கள். சிறிய கோரிக்கைக்குத்தான் அலுவலகங்களில் ஒப்புதல் விரைவாகக் கிடைக்கும்.

ஹட்சன்கரை:

நியூயார்க்கிலிருந்து எழுதுகிறேன். இங்கே சென்ட்ரல் பார்க்கை ஒட்டி, ஐந்தாம் அவென்யூ 927-ஆம் எண் கட்டடத்தின் முகப்பில், பேல் மேல் என்று பெயர் பெற்ற, ரெட்-டெயில்டு ஹாக் என்ற வகைப் பருந்து 1993 முதல் கூடு கட்டி வந்தது. பூங்காவின் குளக்கரையில் தொலைநோக்கிகளை நிறுத்தி எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் பார்த்தும் அது குஞ்சுகளை வளர்த்துக்கொண்டுதான் இருந்தது. 2004 டிசம்பரில் கட்டட நிர்வாகம் கூட்டை அகற்றியது. பெரும் எதிர்ப்பு எழவே அதே மாதம் புதிய தாங்கி அமைத்துக் கொடுத்தார்கள். பறவை திரும்பி வந்தது, ஆனால் அதன்பின் பல ஆண்டுகள் அங்கே முட்டைகள் பொரியவில்லை. ஆகவே தொலைவிலிருந்து பார்க்கும் கூட்டத்தைவிடக் கூட்டை எட்டும் கையைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுவேன்.

உங்கள் பூங்காவில் எலி மருந்து வைக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். மருந்தைத் தின்று தள்ளாடும் எலி எளிதாகப் பிடிபடும். அந்த நஞ்சு குஞ்சு வரை போகும். உயிர்க்காட்சிசாலையிலிருந்து தப்பி இந்நகரில் ஓராண்டு வாழ்ந்த ஃபிளாக்கோ என்ற ஆந்தை 2024 பிப்ரவரியில் இறந்தபோது, அதன் உடலில் புறாக்களிடமிருந்து தொற்றிய வைரசோடு நான்கு வகை எலிக்கொல்லிகளும் இருந்தன.

கவட்டை:

எலி மருந்தை நான் மறந்துவிட்டேன், நன்றி. இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். ஏறத்தாழ ஒரு மாத வயதில், நன்றாகப் பறக்கும் முன்பே, குஞ்சுகள் கூட்டைவிட்டுப் பக்கத்துக் கிளைகளுக்குத் தாவும். ஒன்றிரண்டு தரையில் விழவும் கூடும். இறகு முளைத்த குஞ்சு காயமின்றி விழுந்து கிடந்தால் தாழ்ந்த கிளையொன்றில் ஏற்றிவிட்டு விலகிவிடுங்கள், தாய் தேடி வரும். பஞ்சு மட்டுமே உள்ள குஞ்சானால் வனத்துறையை அழையுங்கள். வீட்டுக்கு எடுத்துச் செல்ல யாரையும் விடாதீர்கள். பூங்காவின் பெயரை இங்கே எழுதாமல் விட்டதும் நல்லது, அப்படியே இருக்கட்டும்.

காலைநடை:

அனைவருக்கும் நன்றி. இரண்டு நாட்களாகத் தொலைவில் உள்ள இருக்கையிலிருந்துதான் பார்க்கிறேன். இன்று காலை 6.40-க்கு ஆண் ஓர் ஓணானோடு வேப்பமரத்தில் வந்து அமர்ந்து கத்தியது, பெட்டை போய் வாங்கி வந்தாள். நீங்கள் எழுதியிருக்காவிட்டால் இரண்டும் சண்டையிடுகின்றன என்று எண்ணியிருப்பேன். மறுகோடியில் கத்தியது கரிச்சானேதான். கோழித் துண்டு வைக்கும் பெரியவர் சற்று வருத்தத்தோடு நிறுத்திக்கொண்டார். எலி மருந்து பற்றி இன்னும் பதில் வரவில்லை. கிளை வெட்டுவதை ஜூலைக்குத் தள்ளிவைப்பதாக வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். அதை எழுத்தில் கேட்டிருக்கிறேன். நான்காவது தலை இதுவரை தெரியவில்லை.