ஒரே பந்தலில் பாகலும் புடலையும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாளை மாடித்தோட்டம்:

தை மாதம் இரண்டையும் ஒரே நாளில் ஊன்றினேன். ஒரே மண், ஒரே தொழுவுரம், ஒரே வாளித் தண்ணீர். பாகல் இரண்டு மாதம் ஆவதற்குள் காய் கொடுத்துவிட்டது. புடலையில் பூவுக்குக் குறைவில்லை, காய்தான் இல்லை. பூவுக்குப் பின்னால் விரல் நீளத்துக்கு நிற்குமே அந்தப் பிஞ்சு, இரண்டு நாளில் மஞ்சளாகி, தொட்டால் கையோடு வந்துவிடும். தினமும் காலை ஏழு மணிக்குப் பஞ்சுக்குச்சியோடு போய் இரண்டுக்கும் மகரந்தம் தொட்டு வைத்தேன். பாகலில் பிடித்தது. புடலையில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

பங்குனிக் கடைசியில் ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. எட்டு மணி இருக்கும். புழுக்கம் தாங்காமல் மாடிக்கு ஏறினேன். பந்தல் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. காலையில் நான் பார்ப்பது ஈரத்தில் சுருண்ட நூல் மாதிரி இருக்கும். பூவே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் ஒவ்வொரு இதழின் ஓரமும் இழை இழையாகப் பிரிந்து, தலைமுடியை விட மெல்லிசாக, கோலம் போட்டது போல விரிந்து கிடக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய விட்டில் வந்தது. கட்டைவிரல் பருமன் இருக்கும். எதிலும் உட்காரவில்லை. சிறகடித்தபடியே நின்று, நீளமான நாக்கைப் பூவுக்குள் விட்டது. ஐந்து எண்ணுவதற்குள் அடுத்த பூவுக்குப் போய்விட்டது.

மறுநாளிலிருந்து விளக்கு வைத்த பிறகு குச்சியோடு போனேன். ஒரு வாரத்தில் நான்கு பிஞ்சு நின்றது. பாகல் விடியற்காலையில் பூத்து மதியத்துக்குள் வாடும், புடலை அந்தியில் மலர்ந்து விடிவதற்குள் முடிந்துவிடும். இது தெரியாமல் ஒரு மாதம் போய்விட்டது. அத்தனை ராத்திரியும் அது பூத்துக் காத்திருந்ததே என்பதுதான் மனதை விட்டுப் போகவில்லை.

ஆலங்குளம் தோட்டக்காரன்:

அக்கா, பூக்கிற நேரம் மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எங்கள் பக்கம் வயலில் யாரும் குச்சி எடுத்துக்கொண்டு போவதில்லை, விட்டில் தானாக வரும். எனக்குப் பிஞ்சு கொட்டியது தண்ணீர் தவறியபோதுதான். மோட்டார் காயில் எரிந்து ஆறு நாள் பாய்ச்சல் இல்லை. பாகல் வாடி, திரும்ப எழுந்துவிட்டது. புடலை ஒரு பிஞ்சு பாக்கியில்லாமல் உதிர்த்துவிட்டது.

நான் சொல்ல வந்தது வேறு. முதல் வருடம் கோ 1 புடலை போட்டேன். காய் 160 முதல் 180 செ.மீ. வரை போகும் ரகம். நேராக இறங்க நுனியில் சின்னக் கல் கட்டுவோமே, அந்த வேலையை என் மகள் எடுத்துக்கொண்டாள். ஒரு காயை மட்டும் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்தில் நின்று அளப்பாள். அவள் உயரத்தைத் தாண்டிய அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். மறுநாள் அதையும் சேர்த்து லோடு ஆட்டோவில் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஏற்றினேன். இறக்கும்போது மூன்று துண்டு. ஒடிந்த இடத்தில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. கடைக்காரர் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டார். அதே வண்டியில் அடியில் கிடந்த பாகல் மூட்டைக்கு ஒரு கீறல் இல்லை.

இப்போது கோ 2 தான் போடுகிறேன். ஒரு அடிதான் காய். பெட்டியில் அடுக்கலாம், கல் வேண்டாம். "அந்தக் காயை யாரு வாங்குனாங்கப்பா?" என்று மகள் கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை.

களக்காட்டுப் பெண்:

காய் ஒடிந்ததாவது போகட்டும். எங்கள் வீட்டில் புடலங்காய் கசந்தது.

போன வருடம் முத்தவிட்டு எடுத்த சொந்த விதை. காய் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் குட்டை. சம்பந்தி வீட்டார் வந்த அன்று பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தேன். முதல் வாய் வைத்ததும் அத்தான் முகம் சுருங்கியது. பெரியவர்கள் மரியாதைக்கு விழுங்கினார்கள். நான் ருசி பார்த்தபோது நாக்கு அடி வரைக்கும் கசப்பு. எல்லாரும் ஒரே குரலில், "பக்கத்து வீட்டுப் பாவக்காயோட ஒட்டிக்கிட்டு கெடக்கு, கசக்காம என்ன செய்யும்" என்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மைனி வீடு. அவர்கள் பாவக்கொடி எங்கள் பந்தலுக்குத் தாவியிருந்தது.

அன்றைக்கு ஆத்திரத்தில் சுவரோரம் நின்று கத்திவிட்டேன். மைனி ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. கொடியை அடியோடு பிடுங்கினார்கள். பூவும் பிஞ்சுமாக இருந்த கொடி. சுருட்டி வேலியோரம் போட்டுவிட்டு, கையில் ஒட்டிய இலையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அந்த வாசம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. பாவக்காய் பக்கத்தில் இருந்தால் புடலை கசக்குமா? யாராவது சரியாகச் சொல்லுங்கள்.

கிள்ளிகுளம் பழைய மாணவன்:

கசக்காது அக்கா. பாகலும் புடலையும் வெள்ளரிக் குடும்பம்தான், ஆனால் வேறு வேறு இனம். ஒன்றின் மகரந்தம் இன்னொன்றில் ஒட்டாது. உங்கள் வேலியில் பேய்ப்புடல் இருக்கிறதா பாருங்கள். விரல் நீளக் காய், வெள்ளைக் கோடு, பழுத்தால் சிவக்கும். அதுவும் நம் புடலையும் ஒரே இனம், தாராளமாகக் கலக்கும். பாளை அக்கா பார்த்த மாதிரி விட்டில் ராத்திரியில் வேலிக்கும் பந்தலுக்கும் மாறி மாறிப் போகும். கலந்த வருடம் காயில் ஒன்றும் தெரியாது, அந்த விதையை அடுத்த வருடம் போட்டால்தான் கசப்பு வெளியே வரும். காய் குட்டையாக இருந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். ஒன்று மட்டும் கேளுங்கள்: கசக்கும் புடலையையும் சுரையையும் மரியாதைக்காகக்கூட விழுங்கக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். நான் வேளாண் கல்லூரி விடுதியில் கசந்த சுரைக்காய் தின்று ஒரு ராத்திரி முழுக்கப் பட்டிருக்கிறேன்.

விதை எடுப்பதாக இருந்தால் அன்று ராத்திரி மலரப்போகும் பெண் மொட்டைச் சாயங்காலமே காகித உறையால் மூடுங்கள். ஆண் மொட்டையும் அப்படியே. ராத்திரி விரிந்ததும் நீங்களே தொட்டுவைத்து மறுபடி மூடி, காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள்.

அப்படியே மற்றதையும் சொல்லிவிடுகிறேன். குழிக்குப் பத்து கிலோ தொழுவுரம், ஐந்து விதை. பதினைந்தாம் நாள் இரண்டு கன்றை விட்டு மற்றதைக் களையுங்கள். பாகல் விதைக்குத் தோடு கெட்டி, ராத்திரி முழுக்க ஊற வேண்டும். முதலில் வருவதெல்லாம் ஆண் பூதான், அதைப் பார்த்துக் கொடியைப் பிடுங்கிவிடாதீர்கள். புடலையில் ஆண் பூ கொத்தாக வரும், பெண் பூ தனியாக. பாகலில் இரண்டுமே தனித்தனிதான், பின்னால் குட்டிப் பாகற்காய் ஒட்டியிருந்தால் அது பெண். பழ ஈ இரண்டுக்கும் வரும், பாகலுக்கு அதிகம். கருவாட்டுப் பொறி வையுங்கள், சொத்தைக் காயைக் கீழே விடாமல் ஆழமாகப் புதையுங்கள். சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் தூவச் சொல்வார்கள், கேட்காதீர்கள், இந்தக் குடும்பத்து இலை கருகிவிடும். தண்ணீர் இரண்டுக்கும் தவறக் கூடாது, ஆனால் வேரில் தேங்கவும் கூடாது.

ராதாபுரம்:

குழி, உரம் எல்லாம் சரி தம்பி. காற்றுக்கு என்ன செய்வது? எல்லாப் புத்தகத்திலும் ஆடிப் பட்டம் என்று இருக்கும். எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றை நம்பித்தான் காற்றாலையே வைத்திருக்கிறார்கள். புடலைப் பிஞ்சு ராத்திரி முழுக்க ஆடி ஆடிக் கம்பியில் உரசி, காலையில் பார்த்தால் தோல் சீவின மாதிரி இருக்கும். பாகல் தன் பற்றுக்கொடியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டது, காயும் இலைக்குள் பதுங்கிவிடும். இரண்டு வருடம் இழந்த பிறகு புடலையைத் தைக்கு மாற்றினேன். ஆடிக்குப் பாகல் மட்டும்தான்.

பாளை மாடித்தோட்டம்:

ஆலங்குளம் அண்ணாச்சி, தண்ணீர் நான் ஒரு நாளும் தவறவில்லை. வயல் வேறு, நாலு பக்கமும் வீடு சூழ்ந்த மாடி வேறு. இங்கே நான் பார்த்தது ஒரே ஒரு விட்டில்.

ஆற்றங்கரை:

2023 டிசம்பர் வெள்ளத்தில் அடுக்களை வரை தண்ணீர். அம்மா சாம்பலில் புரட்டிப் பாட்டிலில் வைத்திருந்த விதையெல்லாம் போயிற்று. மாசியில் வண்டல் படிந்த சுவரோரம் ஒரு பாகல் கன்று தானாக முளைத்திருந்தது. சிவந்த பழத்தைக் குருவி தின்று போட்ட விதையாக இருக்கும். அம்மா அதற்குக் குச்சி ஊன்றிவிட்டு, "புடலையும் வருமா பாரு" என்று தினமும் சுற்றி வருவார். வரவில்லை. நீளப் புடலை விதை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். வெள்ளையில் பச்சைக் கோடு போட்ட காய்.

களக்காட்டுப் பெண்:

கிள்ளிகுளம் தம்பி, வேலியில் போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்ன காய் ஏழு தொங்குகிறது, இரண்டு பழுத்துச் சிவந்திருக்கிறது. வருடக்கணக்காக அங்கேதான் இருந்திருக்கிறது. கடையில் பாவக்காய் விதை வாங்கி ஊறப்போட்டிருக்கிறேன். காலையில் மைனி வாசல் தெளிக்க வருவார்கள், அப்போது கொடுக்க வேண்டும். குழி நானே எடுத்துத் தருகிறேன் என்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.