மறுமொழி: 'ரியல் டைம்' இயங்குதளத்துக்கு 'நிகழ்நேரம்' பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

> போர் விமானச் சிமுலேட்டர்களுக்கு எந்த இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கையேட்டை மொழிபெயர்க்கிறேன். 'ரியல் டைம் ஆபரேட்டிங் சிஸ்டம்' என்று வரும் இடமெல்லாம் 'நிகழ்நேர இயங்குதளம்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடலாமா?

நகரலாம். ஆனால் நாலைந்து பக்கம் தாண்டுவதற்குள் இடறும். சில வருடங்கள் சிமுலேட்டர் பராமரிப்பில் கிடந்தவன் என்பதால் சொல்கிறேன்.

'நிகழ்நேரம்' என்ற சொல் நமக்கு எங்கே பழகியிருக்கிறது? கிரிக்கெட் ஸ்கோர், பங்குச்சந்தை விலை, ரயில் எந்த ஸ்டேஷனைத் தாண்டிவிட்டது என்று காட்டும் செயலி. நடப்பது நடக்கும்போதே தெரியவருகிறது, அவ்வளவுதான். ஸ்கோர் இரண்டு நொடி தாமதமாக வந்தாலும் அதை நிகழ்நேரம் என்றே சொல்வோம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

சிமுலேட்டர்காரர் சொல்லும் ரியல் டைம் வேறு சங்கதி. அங்கே கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது, குறித்த நேரத்துக்குள் வந்து சேர்ந்திருக்கவும் வேண்டும். நொடிக்கு 60 சுற்று ஓடும் இயந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 16.67 மில்லிநொடி. அதற்குள் விமானியின் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று படித்து, இறக்கைமேல் காற்றின் விசையைக் கணக்கிட்டு, என்ஜினைக் கணக்கிட்டு, விமானம் இப்போது எங்கே எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதைப் படம் வரையும் கணினிக்குக் கொடுத்துவிட வேண்டும். சராசரியாக 3 மில்லிநொடியில் முடித்துவிடுகிறதே என்று ஓர் இயங்குதளத்தை மெச்சிப் பயனில்லை. பத்தாயிரம் சுற்றில் ஒன்று 40 மில்லிநொடி இழுத்துவிட்டால் என்ன ஆகும்? பத்தாயிரத்தில் ஒன்று என்பது கேட்கத்தான் அபூர்வம். நொடிக்கு 60 சுற்று ஓடினால், மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை வந்துவிடும்.

அது வரும்போது என்ன நடக்கும் என்பதற்கு வானில் எரிபொருள் நிரப்பும் பயிற்சியைவிட நல்ல உதாரணம் இல்லை. டேங்கர் விமானத்தின் பின்னால் சில மீட்டர் தள்ளி விமானி தொங்கிக்கொண்டிருக்கிறார். கைப்பிடியை மயிரிழை அசைக்கிறார், படம் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அசைக்கிறார். இப்போது இரண்டு அசைவும் சேர்ந்து படத்தில் வருகின்றன. எதிர்ப்பக்கம் இழுக்கிறார், அதுவும் கூடிப்போகிறது. நாலு ஆட்டம் ஆடுவதற்குள் குழாயை விட்டு விலகிவிடுவார். பயணிகள் விமானச் சிமுலேட்டர்களில்கூட, உயர்நிலைச் சான்று வேண்டுமென்றால் கைப்பிடி அசைவுக்கும் படத்தின் பதிலுக்கும் நடுவே 150 மில்லிநொடிக்குமேல் போகக்கூடாது என்று அமெரிக்காவில் நெடுங்காலம் விதி இருந்தது. போர் விமானத்துக்கு அதுவும் தாராளம்.

ஆகவே 'நிகழ்நேரம்' என்று எழுதினால் படிக்கிறவர் 'வேகம்' என்று எடுத்துக்கொண்டு, இருப்பதிலேயே வேகமான கணினியைத் தேடிப் போவார். கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மிருதங்கக்காரர் துரித காலத்தில் பொரிந்து தள்ளலாம், கேட்க நன்றாகவே இருக்கும், ஆனால் சமத்தில் வந்து விழவில்லை என்றால் பாடுகிறவர் திரும்பிப் பார்ப்பார். விளம்ப காலத்தில் வாசித்தாலும் தாளம் தப்பக்கூடாது என்பதுதான் விஷயம்.

கணினிகள் ரியல் டைமுக்கு வந்த கதையும் இதற்கு அனுசரணையாகவே இருக்கிறது. 1944-இல் அமெரிக்கக் கடற்படை, விமானிப் பயிற்சிக்கும் புது விமானங்களின் குணத்தை ஆராயவும் சேர்த்து ஒரே இயந்திரம் வேண்டுமென்று எம்.ஐ.டி.யை அணுகியது. ஜே ஃபாரெஸ்டர் குழு முதலில் அனலாக் முறையில்தான் யோசித்தது. பிறகு டிஜிட்டலுக்கு மாறி 'வேர்ல்விண்ட்' கணினியைக் கட்டியது. 1951-இல் அது ஓடத் தொடங்கியபோது சிமுலேட்டர் யோசனை கைவிடப்பட்டிருந்தது. கணினி வான்பாதுகாப்புக்குப் போய்விட்டது. ஆனால் விமானி அசைத்த கணத்துக்குத் தோதாக விடை வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதன் உடம்பில் தங்கிவிட்டது. காந்த வளைய நினைவகம் அங்கே உருவானதற்கு, முன்பிருந்த நினைவகக் குழாய்களை நம்ப முடியாமல் போனதும் ஒரு காரணம்.

சரி, என் முன்மொழிவு: காலந்தவறா இயங்குதளம். 'டெட்லைன்' என்பதற்குக் 'கெடு' என்ற நல்ல சொல் இருக்கிறது, கடன் கொடுத்தவர் வைப்பது. அதையே இயங்குதளத்துக்கும் ஒட்டலாமா என்று பார்த்தேன். 'கெடு இயங்குதளம்' என்றால் கெட்டுப்போனது என்று தோன்றுகிறது. விட்டுவிட்டேன்.

கூடவே வரும் இரண்டு சொற்கள். 'லேட்டன்சி'க்குச் சுணக்கம் போதும், ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 'ஜிட்டர்' என்பதற்குக் கையேட்டில் 'நடுக்கம்' என்று போட்டிருக்கிறீர்கள். சிமுலேட்டரில் அறையே அசையும் கால்களில் நின்று நடுங்குவதுண்டு என்பதால் குழப்பம் வரும். ஜிட்டர் என்பது சுணக்கம் ஒரே அளவாக இல்லாமல் ஒரு சுற்றுக்கு 2, அடுத்த சுற்றுக்கு 5, அப்புறம் 3 என்று ஏறி இறங்குவது. பாடகர் குரல் பிசிறடிக்கிறது என்கிறோமே, அந்தப் பிசிறு. 'நேரப் பிசிறு' என்று எழுதிப் பாருங்கள்.

பிசிறை நான் கண்ணால் பார்த்த ஒரு சம்பவம். லினக்ஸில் ஓடிய சிறிய பயிற்சிக் கருவி. திரையின் ஓரத்தில் கெடு தப்பிய சுற்றுகளை எண்ணும் எண் ஒன்று இருக்கும், அது பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும். எங்களுடையது மணிக்கு இரண்டோ மூன்றோ ஏறியது. நிரலைச் சந்தேகப்பட்டோம், நெட்வொர்க் கார்டை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் இரவு ஒருவர் காப்பியும் கையுமாகக் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எண் ஏறுவது ஒவ்வொரு மணியிலும் 17-ஆவது நிமிடத்தில். டெபியன் குடும்பத்து லினக்ஸைத் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். மணிக்கொரு முறை செய்யும் சில்லறை வேலைகளை 'கிரான்' என்ற நேரங்காட்டி நிரல் தொடங்குவது அந்த நிமிடத்தில்தான். விமானக் கணக்குக்கென்று ப்ராசஸரின் கோர்களில் ஒன்றை ஒதுக்கி, வேறு எந்த வேலையும் அதில் ஏறாமல் பார்த்துக்கொண்டதும், நிரலின் நினைவகம் வட்டுக்குப் போகாதபடி பூட்டியதும் எண் அசையாமல் நின்றது. கணினி அதேதான், வேகமும் அதேதான்.

> எங்கட இலங்கைப் பாடப்புத்தகங்களில் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் 'பணிசெயல் முறைமை' என்றுதான் இருக்கு. 'இயங்குதளம்' என்றால் பிளாட்ஃபார்ம் என்றல்லவா பொருள் வரும்?

வரும், ஐயா. தமிழ்நாட்டுப் பாடநூலிலும் 'இயக்க அமைப்பு' என்றே இருக்கிறது. ஆனால் கையேட்டின் வாசகர்கள் 'இயங்குதளம்' என்றே தேடுவார்கள். அந்தச் சண்டையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோமே.

மொழிபெயர்ப்பவருக்கு இன்னொரு எச்சரிக்கை. 'இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்தல்' என்று ஒருமையில் தலைப்பு வைக்காதீர்கள். 1970, 80களில் எஸ்.இ.எல்., பெர்கின்-எல்மர், ஹாரிஸ் போன்ற நிறுவனங்களின் கணினிகளில் ஃபோர்ட்ரான் நிரல்மொழியில் எழுதி, எம்.பி.எக்ஸ்-32, ஓ.எஸ்/32 என்று அந்தந்தக் கணினியோடு வந்ததிலேயே ஓட்டினார்கள். கணினியைத் தேர்ந்தெடுத்தாலே இயங்குதளமும் முடிவாகிவிடும். இப்போது ஒரே சிமுலேட்டருக்குள் மூன்று நான்கு குடியிருக்கின்றன. பயிற்றுநர் மேசையில் விண்டோஸ், விமானக் கணக்குக்கு லினக்ஸ், ஏதாவது ஒரு பெட்டிக்குள் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற ரியல் டைம் இயங்குதளம். விண்டோஸிலேயே கணக்கையும் ஓட்ட வேண்டுமானால் அதற்கு ரியல் டைம் குணத்தைக் கொடுக்கும் ஆர்.டி.எக்ஸ் மாதிரி ஒன்றைப் பக்கத்தில் ஏற்றுகிறார்கள். லாக்ஹீட் மார்ட்டினின் சிமுலேட்டர் மென்பொருளான பிரிபேர்3டி விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதால், அதை எடுத்தவருக்கு அந்த முடிவும் சேர்ந்தே வந்துவிடுகிறது. லினக்ஸ் பக்கம், லினக்ஸை ரியல் டைமுக்குத் தகுதியாக்கும், இருபது வருடமாக வெளியே தனி ஒட்டாக (பேட்ச்) இருந்த ப்ரீஎம்ப்ட்-ஆர்டி 2024-இல் 6.12 பதிப்போடு மூல லினக்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது. இருபது, முப்பது வருடம் உழைக்க வேண்டிய சிமுலேட்டர் வாங்குகிறவருக்கு இது பெரிய ஆறுதல். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014-இலும் 7-க்கு 2020-இலும் ஆதரவு நின்றது. விமானம் இன்னும் பறந்துகொண்டிருக்கும், அதன் சிமுலேட்டரின் அடித்தளம் அநாதையாகிவிடும்.

கடைசியாக, 'ஸ்டிமுலேஷன்' என்று ஆறாம் பகுதியில் இருப்பதை 'சிமுலேஷன்' என்பதன் அச்சுப்பிழை என்று திருத்தியிருக்கிறீர்கள். பிழை இல்லை. விமானத்தின் உண்மையான கணினிப் பெட்டியையே கொண்டுவந்து வைத்து, விமானப் பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் 1553 பஸ் என்ற தரவுத் தடம் வழியாகப் பொய்க் குறிப்புகளை அனுப்பி, தான் பறப்பதாகவே அதை நம்பவைப்பதுதான் ஸ்டிமுலேஷன். 'தூண்டல்' என்றால் உயிரியல் வகுப்பு ஞாபகம் வருகிறது. குறிப்பூட்டல் எப்படி? இந்தப் பெட்டிக்குள் தனக்கென்று ஓர் இயங்குதளமும் தனக்கென்று ஒரு தாளமும் இருக்கும். சிமுலேட்டர்தான் அதன் தாளத்துக்கு ஆட வேண்டும். பயிற்சியை அப்படியே நிறுத்திவைக்கும் 'ஃப்ரீஸ்' பொத்தானைப் பயிற்றுநர் அமுக்கினால் வேகம் 400 நாட் என்று குறிப்பு வரும், இடம் மட்டும் நகராது. பெட்டி குழம்பிப்போய்ப் பழுது என்று கத்தும். இந்த ஒரு பொத்தானுக்காகவே, அசல் பெட்டி வேண்டாம், அதன் நிரலை எங்கள் கணினியில் மறுகுடியமர்த்திக்கொள்கிறோம் என்று சொல்கிறவர்கள் உண்டு.

அன்புடன்.

———

> என் முன்மொழிவு: காலந்தவறா இயங்குதளம்

சொல் அழகாக இருக்கிறது. அதுதான் பயமாகவும் இருக்கிறது. ரியல் டைமில் 'ஹார்ட்', 'சாஃப்ட்' என்று இரண்டு வகை இருக்கிறதே? சாஃப்ட் வகையில் எப்போதாவது காலம் தவறலாம் என்று வரையறையிலேயே இருக்கிறது. 'நெகிழ்வான காலந்தவறா இயங்குதளம்' என்று எழுதினால் சைவ மீன்குழம்பு மாதிரி ஆகிவிடாதா?

இன்னொன்று. பெயரே வாக்குறுதி கொடுக்கிறது. 1997-இல் செவ்வாய்க்குப் போன பாத்ஃபைண்டரில் விஎக்ஸ்வொர்க்ஸ்தான் இருந்தது. அப்படியும் ஒரு முக்கியமான பணி நேரத்துக்கு முடியாமல் கணினி மறுபடி மறுபடி தன்னைத்தானே மீளத் தொடங்கிக்கொண்டது. முன்னுரிமை குறைந்த பணி ஒன்று, மேல்பணிக்கும் தேவையான ஒன்றின் பூட்டை வைத்துக்கொண்டு நிற்க, நடுத்தரப் பணிகள் குறுக்கே ஓட, மேலே இருந்தது காத்துக்கிடந்தது. பூமியிலிருந்து ஓர் அமைப்பை மாற்றிச் சரிசெய்தார்கள். இயங்குதளம் காலம் தவறாமல் இருக்க வழி செய்து தருகிறது. தவறாமல் இருக்க வேண்டியது நாம் எழுதும் நிரல். பெயர் அந்த அளவோடு நிற்பது நல்லது.

———

> சைவ மீன்குழம்பு

மாட்டிக்கொண்டேன். இரண்டு நாள் யோசித்தும் இதற்குப் பதில் கிடைக்கவில்லை. முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன்.

அதற்குப் பதில்: நேரக்கட்டு இயங்குதளம். கட்டு என்பதில் கட்டுப்பாடும் இருக்கிறது, கட்டிவைத்தலும் இருக்கிறது. அதை மீறவே முடியாது என்று சொல்லவில்லை. ஊர்க்கட்டுப்பாட்டை மீறுகிறவர்கள் இல்லையா என்ன. ஹார்ட் என்பதற்குக் கறார், சாஃப்ட் என்பதற்கு நெகிழ். கறார் நேரக்கட்டு, நெகிழ் நேரக்கட்டு. 'கறார்' பேச்சுவழக்கு என்று யாராவது சொல்லலாம். கடைக்காரர் 'கறார் விலை' என்றால் பேரம் கிடையாது என்று எல்லோருக்கும் புரிகிறதே, அதைவிடத் துல்லியமாக வேறெந்தச் சொல் சொல்லும்?

கையேட்டின் அந்த வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "கைப்பிடி விசையைக் கணக்கிடும் கணினிக்குக் கறார் நேரக்கட்டு இயங்குதளம் தேவை, பயிற்றுநர் மேசைக்கு நெகிழ் நேரக்கட்டு போதும், பறந்து முடித்தபின் பதிவைப் போட்டுக்காட்டும் கணினிக்கு எதுவாயினும் சரி." வாய்விட்டுப் படித்தபோது தடுக்கவில்லை.

'ஃப்ரீஸ்' பொத்தானுக்கு 'உறைவு' என்று போட்டிருக்கிறீர்கள். பயிற்றுநர் அறையில் அதை யாரும் சொல்லமாட்டார்கள். 'நிறுத்து' என்று மாற்றிவிடுங்கள்.