‘ஆச்சி வீட்டுச் சொந்தங்கள்’ குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

காலை 9:40

மதுரை அத்தை: எல்லோரும் இந்த வீடியோவைப் பாருங்கள். வீரன் செய்த வேலை.
[வீடியோ]

மதுரை அத்தை: விடியுமுன் எழுந்து கூழ் கிண்டி, வேட்டியை நனைத்து மொட்டைமாடியில் விரித்து, வடகம் பிழிந்துவிட்டுக் கீழே வந்தேன். உங்கள் மாமா அந்த நேரம் பார்த்தா நாயைக் குளிப்பாட்ட வேண்டும்? துவட்டுவதற்குள் கையிலிருந்து உருவிக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டது.

தாம்பரம் அக்கா: ஐயோ அத்தை! முதுகெல்லாம் வடகம் 😂😂

நான்: தண்ணீர்த்தொட்டியைச் சுற்றி வரும் இடத்தைப் பாருங்கள் அக்கா. பின்னங்கால் வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிடுகிறான். ஒரு நொடி மாமாவைப் பார்க்கிறான். மாமா கையை நீட்டியதும் வேட்டி முனையைக் கவ்விக்கொண்டு மறுபடி ஓட்டம்.

மதுரை மாமா: நான் பிடிக்கப் போகப்போக அவனுக்குக் கொண்டாட்டம். முன்கால் இரண்டையும் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ‘வா பார்க்கலாம்’ என்று நிற்கிறான்.

நாமக்கல் தம்பி: அது விளையாடக் கூப்பிடுவதுதான் மாமா. இன்னொரு நாயிடமும் அப்படித்தான் குனிந்து நிற்கும். நீங்கள் துரத்தத் துரத்த ‘மாமா ஆட்டத்துக்கு வந்துவிட்டார்’ என்றுதான் நினைத்திருப்பான். சிப்பிப்பாறை வேறு. முயல் வேட்டைக்கென்றே வளர்த்த இனம், ஓட்டத்தில் அவனைப் பிடிக்க முடியுமா?

நாமக்கல் தம்பி: அத்தை, ஒரு விஷயம். வடகத்தைத் தின்றானா? வெங்காயம் போட்டீர்களா?

மதுரை அத்தை: நாலைந்து நக்கியிருப்பான். ஏன்டா?

நாமக்கல் தம்பி: முதலில் வெங்காயம் உண்டா என்று சொல்லுங்கள்.

மதுரை அத்தை: இல்லை. அரிசி மாவு, பச்சை மிளகாய், சீரகம், உப்பு, அவ்வளவுதான். வெங்காய வடகம் அடுத்த வாரம் போடலாம் என்றிருந்தேன்.

நாமக்கல் தம்பி: அப்பாடா. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது அத்தை. ரத்தத்தில் சிவப்பணுக்களை அழித்துவிடும். பச்சையாக இருந்தாலும் சரி, வேகவைத்தாலும் காயவைத்தாலும் சரி, ஒன்றுதான். தின்ற அன்றைக்கே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், சோர்ந்து படுத்துவிடும். அடுத்த வாரம் மாடிக்கதவைத் தாழ்போட்டுவிடுங்கள்.

மதுரை மாமா: சரி மாப்பிள்ளை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அத்தை போட்ட சத்தத்தில் காதை மடக்கிக்கொண்டு, ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே மூலையில் போய்ப் படுத்துவிட்டான். செய்தது தப்பென்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

தாம்பரம் அக்கா: எங்கள் நாய்க்குட்டி கடலையும் அப்படித்தான் மாமா! செருப்பைக் கடித்துக் குதறிவிட்டு, நான் வந்ததும் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்ளும்.

நாமக்கல் தம்பி: அது குற்ற உணர்ச்சி இல்லையாம் அக்கா. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். தின்னக்கூடாது என்று சொன்ன தீனியை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. உரிமையாளர் திட்டினால் அந்த முகம் வருகிறது. ஒன்றுமே செய்யாத நாயைத் திட்டினால் இன்னும் அதிகமாக வருகிறது.

நான்: பாவம்! அப்படியானால் நம் குரலைக் கேட்டுத்தான் பயப்படுகிறதா?

நாமக்கல் தம்பி: ஆமாம் அக்கா. ‘கோபமாக இருக்கிறார்கள், சமாதானம் ஆகட்டும்’ என்று காட்டுவது அது.

மதுரை அத்தை: போடா, எனக்கு இப்போது மனசு கேட்கவில்லை. போய்த் தடவிக்கொடுத்துவிட்டு வருகிறேன்.

பகல் 12:15

தாம்பரம் அக்கா: தம்பி, இதைப் பார்.
[படம்]

தாம்பரம் அக்கா: கூடத்தைப் பெருக்கும்போது கிடைத்தது. கல்லென்று நினைத்துத் தள்ளப்போனேன். கடலையின் பல்! அரிசி அளவுதான் இருக்கிறது. வாயில் லேசாக ரத்தம். பயப்பட வேண்டுமா?

நாமக்கல் தம்பி: நாலு மாதம் ஆகிறதல்லவா, பால் பல் விழும் நேரம். மொத்தம் 28 பால் பல்லும் விழுந்து 42 பல் முளைக்க வேண்டும். ஈறு அரிக்கும், அதனால்தான் செருப்பு, மேசைக்கால், மிதியடி எல்லாவற்றையும் கடிக்கிறது. சுத்தமான துணியை நனைத்து முறுக்கி ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுங்கள்.

தாம்பரம் அக்கா: மேசைக்காலை மட்டுமா? நேற்றுப் படுத்திருந்த இவர் காதைப் போய்க் கடித்தது. ‘யாரது’ என்று பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார் 😂 அவர் சிரித்ததும் அதற்கு இன்னும் உற்சாகம். இப்போது தினமும் அவர் படுத்ததும் காதுப் பக்கமாகப் போய் உட்கார்ந்து காத்திருக்கிறது.

நாமக்கல் தம்பி: கையையும் காதையும் கடிக்க விட்டுச் சிரிக்க வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லுங்கள். இப்போது கூசும்; 42 பல் வந்தபிறகு வலிக்கும். கடித்ததும் விளையாட்டை நிறுத்தி எழுந்து போய்விட்டால் தானே புரிந்துகொள்ளும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டீர்கள்தானே?

தாம்பரம் அக்கா: போட்டாயிற்று.

மதுரை அத்தை: எனக்கு ஒரு பச்சைக்கிளி வளர்க்க ஆசை. நாயைவிடக் கிளி தேவலாம்.

நாமக்கல் தம்பி: நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்க்கக்கூடாது அத்தை. 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மாடியில் தானியம் வையுங்கள், அதுவாக வரும்.

மாலை 4:05

பாளை பெரியம்மா: நீங்கள் எல்லோரும் நாய்க்கதை பேசுகிறீர்கள். எங்கள் பூனை பிச்சியைக் கேட்பாரில்லையா? விடியற்காலை நாலு மணிக்கு வீடு முழுக்க ஓட்டம். அப்புறம் பெரியப்பா செருப்பில் ஒரு பல்லிவால். துடித்துக்கொண்டிருந்தது. இவர் காலை நுழைத்துவிட்டு ஒரு துள்ளு துள்ளினார் பாருங்கள்.

நான்: பெரியப்பாவுக்குக் காணிக்கை 😂

பாளை பெரியம்மா: பகலில் ஆச்சி கொல்லையில் களை பிடுங்கினாள். குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போட்டாளோ இல்லையோ, பிச்சி அதன்மேல் விழுந்து புரண்டது. வேரில் கன்னத்தைத் தேய்த்தது, நக்கியது, வாயில் எச்சில் ஒழுக மல்லாந்து கிடந்தது. ‘பூனைவணங்கியென்று சும்மாவா சொன்னார்கள்’ என்று ஆச்சி சிரிக்கிறாள்.

நாமக்கல் தம்பி: அந்த வேர் வாசனைக்குப் பூனை மயங்கும் அம்மா. கொஞ்ச நேரத்தில் தானாகத் தெளிந்துவிடும்.

பாளை பெரியம்மா: தெளிந்துவிட்டது. இப்போது ஆச்சியோடு சேர்ந்து பூக்கட்டுகிறது. பார்.
[வீடியோ]

மதுரை மாமா: அடடா! ஆச்சி ஒரு முடிச்சுப் போட, அது நூலை இழுக்க, ஆச்சி மறுபடி இழுக்க. நல்ல ஜோடி.

தாம்பரம் அக்கா: பூக்கூடைக்குள் உட்கார்ந்து தலை மட்டும் தெரிகிறது. தலையில் ஒரு பூ வேறு ❤️

நாமக்கல் தம்பி: அம்மா, நூலை உடனே வாங்குங்கள். கடைசியில் வாயில் மெல்லுகிறது பாருங்கள்.

பாளை பெரியம்மா: விளையாடுகிறது ஐயா. தினமும் இப்படித்தான்.

நாமக்கல் தம்பி: இல்லை அம்மா, இதை மட்டும் கேளுங்கள். பூனை நாக்கில் இருக்கும் முள்ளெல்லாம் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். வாய்க்குள் போன நூலைத் துப்ப முடியாது, விழுங்கத்தான் வரும். ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொண்டால் மறுமுனை குடலுக்குப் போய்விடும். குடல் நூலோடு சுருங்கி மடிப்பு மடிப்பாகிக் கிழிந்துவிடும். எங்கள் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அப்படி வந்த பூனைக்கு அறுவைசிகிச்சை நடந்தபோது நின்று பார்த்தேன். அதிலிருந்து நூலோடு பூனை விளையாடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

நான்: பெரியம்மா, ஏதாவது விழுங்கியிருக்கிறதா?

பாளை பெரியம்மா: இரு, பார்க்கிறேன்.

மாலை 4:31

பாளை பெரியம்மா: ஆச்சி மடியிலும் கூடையிலும் தேடினோம். ஒரு சாண் நீளத்துக்கு ஒரு துண்டு கூடைக்கடியில் கிடைத்தது. அறுந்த முனைகளை வைத்துப் பார்த்தால் பொருந்துகிறது. வேறு துண்டு இருந்ததா என்று ஆச்சிக்கு நினைவில்லை.

நாமக்கல் தம்பி: வாயைத் திறந்து நாக்கடியில் நூல் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் இழுக்காதீர்கள். பின்பக்கம் தொங்கினாலும் இழுக்கக்கூடாது, குடலை அறுத்துவிடும். அப்படி இருந்தால் நேரே டாக்டரிடம்தான்.

பாளை பெரியம்மா: பெரியப்பா துண்டில் சுற்றிப் பிடித்தார், நான் பார்த்தேன். ஒன்றும் இல்லை. என் கையில்தான் இரண்டு கீறல்.

நாமக்கல் தம்பி: சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். பிச்சிக்கு வெறிநோய் ஊசி போட்டிருந்தாலும் ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அப்புறம் இன்றும் நாளையும் சாப்பிடுகிறதா, வாந்தி எடுக்கிறதா, கட்டிலடியில் போய் ஒளிகிறதா என்று கவனியுங்கள். ஒன்று சரியில்லையென்றாலும் ராமையன்பட்டிக் கால்நடைக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

தாம்பரம் அக்கா: வீட்டில் தையல் நூலெல்லாம் கீழேயே கிடக்கிறது. இப்போதே எடுத்து வைக்கிறேன்.

மதுரை மாமா: நாங்கள் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தோம். நல்லவேளை மாப்பிள்ளை சொன்னாய்.

திங்கள், காலை 7:10

பாளை பெரியம்மா: ராத்திரி மத்திமீன் சோறு முழுவதும் தின்றது. வாந்தி இல்லை. காலையில் மண்தட்டில் ஒழுங்காக வெளிக்குப் போனது. நாலு மணி ஓட்டமும் உண்டு.

நாமக்கல் தம்பி: நல்லது அம்மா. இன்றைக்கும் பாருங்கள். உங்கள் கை?

பாளை பெரியம்மா: ராத்திரியே காட்டி ஊசி போட்டாயிற்று. பூநூல் இப்போது திருகுமூடி போட்ட ஹார்லிக்ஸ் பாட்டிலில். விளையாட ஆச்சி ஒரு காகித உருண்டை செய்து கொடுத்திருக்கிறாள். நீ சாப்பிட்டாயா ஐயா?

நாமக்கல் தம்பி: இன்னும் இல்லை. எட்டு மணிக்கு மாட்டுக்கொட்டகை டூட்டி, போய்விட்டு வந்து சாப்பிடுகிறேன்.

பாளை பெரியம்மா: வெறும் வயிற்றோடு போகாதே.