தேவனஹள்ளிக் கோட்டை மதிலை ஒட்டிய ஓட்டு வீடு: கூரையைத் தொடலாமா?

அல்சூர்வாசி:
வணக்கம். பெங்களூரு பக்கம் தேவனஹள்ளியில், கோட்டை மதிலுக்கு வெளியே நாற்பது ஐம்பது மீட்டர் தூரத்தில், அம்மா வழித் தாத்தா வாங்கிய ஓட்டு வீடு ஒன்று எங்களுக்கு இருக்கிறது. மண் சுவர், திண்ணை, நடுவில் சின்ன முற்றம். போன மழையில் உத்திரம் ஒன்று இற்றுப்போய்ப் பின்கட்டுக் கூரை தொங்குகிறது. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினால், ஏர்போர்ட் பக்கத்தில் இருக்கிறது, இடித்துவிட்டு இரண்டு மாடி கட்டுங்கள், வாடகை நன்றாக வரும் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ ஆணி அடித்தாலே கேஸ் என்கிறார். அம்மா பிறந்த வீடு, எனக்கு இடிக்க மனம் வரவில்லை. அப்படியே விட்டால் தானாக விழுந்துவிடும். என்ன செய்வது?

படம்வரைபவர்:
இருவர் சொன்னதும் தப்பு. அந்தக் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. பழங்காலச் சின்னங்களைக் காக்கும் 1958 சட்டத்தில் 2010-ல் வந்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. உங்கள் வீடு முதல் வட்டத்தில் வருகிறது, அதனால் இடித்துக் கட்டுவதை மறந்துவிடுங்கள். ஆனால் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீட்டை அனுமதி வாங்கிப் பழுதுபார்க்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது. பத்திரம், பழைய வரி ரசீது, கரண்ட் பில், எது இருந்தாலும் தேடி எடுங்கள். அனுமதி கைக்கு வரும்வரை ஒரு ஓட்டைக்கூட இறக்க வேண்டாம், மீறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். இப்போதைக்குத் தொங்கும் இடத்தில் முட்டுக்கொடுத்துத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

சுண்ணாம்புக்கை:
அனுமதி கிடைத்த பிறகு ஒன்றே ஒன்று: சிமெண்ட் வேண்டாம். மண் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெளியேயும் விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும், மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். சுண்ணாம்புக் காரைதான் சரி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்புறம் உத்திரம் முழுவதும் கெட்டிருக்காது. பெரும்பாலும் சுவருக்குள் போகிற முனைதான் இற்றிருக்கும், அதை மட்டும் வெட்டிப் புது மரம் இணைக்கலாம்.

காரைக்குடிப்பெண்:
படிக்கும்போதே வயிறு எரிகிறது. எங்கள் செட்டிநாட்டு ஊர்களை 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் (உலகப் பாரம்பரியத் தகுதிக்குப் பிறகு முன்மொழிய நினைக்கும் இடங்களின் பட்டியல்) சேர்த்தார்கள், ஆனால் அந்தப் பட்டியல் ஒரு வீட்டையும் காப்பாற்றாது. தேக்குத் தூணும் நிலைக்கதவும் கழன்று காரைக்குடிக் கடைகளில் விலைக்கு நிற்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். உங்கள் ஊரில் கோட்டைக்காவது சட்டம் இருக்கிறது, ஆனால் அதுவும் மதிலிலிருந்து மீட்டர் கணக்குப் பார்க்கிறதே தவிர, திண்ணையும் முற்றமுமாக நிற்கிற தெருவைப் பார்ப்பதில்லை. அகமதாபாத்தில் பழைய நகரம் முழுவதும் 2017-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. போள்கள் எனும் நெருக்கமான பழைய குடியிருப்புத் தெருக்களும் மர வீடுகளும் அதற்குள்தான் வருகின்றன. கிராமத்துத் தெருக்களுக்கும் அப்படிக் கேட்க வேண்டும். நீங்கள் இடிக்காதீர்கள், தயவுசெய்து.

அல்சூர்வாசி:
ரொம்ப நன்றி. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் 1983 வரி ரசீது கிடைத்தது, தாத்தா பெயரிலேயே. இந்த வாரமே விண்ணப்பிக்கிறேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் பெங்களூரு பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.