லெதர் சோபாவின் கைப்பிடி கறுத்துப் பிசுபிசுக்கிறது, எதைப் போட்டுத் துடைப்பது?

நிலாமுற்றம்:
வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது பழுப்பு நிற லெதர் சோபா. அவ்வப்போது தூசி தட்டி, ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. இப்போது கை வைக்கும் இடமும் தலை சாயும் இடமும் மட்டும் கறுத்துப்போய், தொட்டால் லேசாக ஒட்டுகின்றன. உட்காரும் இடத்தில் முடி மாதிரி மெல்லிய விரிசல்கள் ஓடுகின்றன. போதாததற்குப் பையன் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டான். வினிகரும் ஆலிவ் எண்ணெயும் கலந்து துடைக்கச் சொல்லி ஒரு வீடியோ பார்த்தேன், பேபி வைப்ஸ் போதும் என்கிறார் தோழி ஒருவர். எதை நம்புவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தோல்_வேலை:
எதையும் தொடுவதற்கு முன்னால் அது எந்த மாதிரி லெதர் என்று பாருங்கள். சோபாவின் பின்பக்கம், கீழே கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்து மாதிரி நின்றால் மேலே நிறப்பூச்சு இருக்கிற லெதர். வீட்டு சோபாக்களில் பெரும்பாலும் இதுதான். சொட்டு உள்ளே இறங்கி அந்த இடம் கறுத்தால் அனிலின் வகை, அதாவது மேலே நிறப்பூச்சு இல்லாமல் சாயம் மட்டும் ஏற்றிய லெதர், அதில் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தடவினால் வெல்வெட் மாதிரி இருந்தால் நூபக் அல்லது ஸ்வேட், அதற்குத் தண்ணீரே வேண்டாம், மென்மையான பிரஷ் போதும். அப்புறம் மெத்தை உறையின் ஜிப்பைத் திறந்து உள்பக்கத்தையும் பாருங்கள். நார் நாராக, பஞ்சுபோல இருந்தால் உண்மையான தோல், நெய்த துணி தெரிந்தால் பெரும்பாலும் ரெக்சின்.

நீங்கள் சொல்லும் பிசுபிசுப்பு வெறும் அழுக்கு இல்லை. வியர்வையும் தலையில் தடவும் எண்ணெயும் நாள்கணக்கில் பூச்சுக்குள் ஊறி அதை இளக்கிவிடுகின்றன. அதனால்தான் எல்லா லெதர் சோபாவிலும் கையும் தலையும் படுகிற இடம் முதலில் கெடுகிறது. மற்ற இடங்களைவிட அந்த இரண்டு இடங்களையும் அடிக்கடி துடைத்தாலே பாதிப் பிரச்சினை வராது.

வினிகர் வேண்டாம், ஆலிவ் எண்ணெய் வேண்டவே வேண்டாம். பூச்சுள்ள லெதரில் எண்ணெய் உள்ளே போகாது, மேலே தங்கித் தூசியை இழுக்கும், நாளடைவில் சிக்கு வாடையும் வரும். அனிலினில் போட்டால் நிரந்தரக் கறை. சமையல் சோடா, துணி சோப்பு இரண்டுமே காரத்தன்மை கொண்டவை. தோல் லேசான அமிலத்தன்மையோடு பதப்படுத்தப்பட்டது, அதன் பி.எச். ஏறத்தாழ 4, 5 அளவில் இருக்கும். அதன்மேல் காரத்தைத் தொடர்ந்து தேய்த்தால் பூச்சு தளர்ந்து, தோல் விறைத்துப் போகும். வைப்ஸ் குழந்தையின் தோலுக்காகச் செய்தது. தினமும் அதைக் கொண்டு தேய்த்தால் பளபளப்பும் பூச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

செய்ய வேண்டியது இதுதான். மென்மையான பிரஷ் மாட்டிய வேக்குவம் கிளீனரால் இடுக்குகளில் இருக்கிற மண்ணை முதலில் எடுங்கள், இல்லாவிட்டால் அந்த மண்ணே உப்புத்தாள் வேலை செய்யும். பிறகு லெதர் கிளீனரை ஸ்பாஞ்சில் நுரையாக்கி, ஒரு கை அகலத்துக்கு ஒவ்வொரு பகுதியாகத் துடையுங்கள். நுரை மட்டும் பட்டால் போதும், தண்ணீர் வழியக் கூடாது. வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். சாம்பல் நிற அழுக்கு வந்தால் சரி, சோபாவின் பழுப்பு நிறமே துணியில் ஏறினால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். கடைசியாகப் பிழிந்த ஈரத்துணியாலும் உலர்ந்த துணியாலும் துடைத்துவிட்டு, மின்விசிறிக் காற்றில் தானாகக் காய விடுங்கள். ஹேர் டிரையர் வைக்காதீர்கள்.

மைக்கறை:
பேனாக் கோட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஹேர் ஸ்பிரே, சானிடைசர், நெயில் பாலிஷ் ரிமூவர் என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள். மை போகும், கூடவே சோபாவின் நிறமும் போகும். கோடு இருந்த இடத்தில் வெளுத்த திட்டு நிற்கும், அது பேனாக் கோட்டைவிட அசிங்கமாகத் தெரியும். மேஜிக் ஸ்பாஞ்சும் அப்படித்தான், தொட்டால் மெத்தென்று இருந்தாலும் அது உப்புத்தாள் மாதிரி உராய்ந்துதான் கறையை எடுக்கிறது. லெதருக்கென்றே மை எடுக்கும் குச்சி கிடைக்கிறது, கோடு புதிதாக இருந்தால் அது கேட்கும். முதலில் மறைவான இடத்தில் தேய்த்துப் பாருங்கள். பழைய மை பூச்சுக்குள்ளேயே இறங்கியிருக்கும், அதைத் துரத்திக்கொண்டு தேய்ப்பதைவிட அந்த இடத்துக்கு மட்டும் நிறம் ஏற்றுவது நல்லது.

நிலாமுற்றம்:
ரொம்ப நன்றி! சொட்டு விட்டுப் பார்த்தேன், முத்தாக நிற்கிறது. ஆனால் ஒரு விஷயம், உட்காரும் மெத்தையின் உள்ளே நார் நாராக இருக்கிறது, பக்கவாட்டுப் பலகையின் அடியில் பார்த்தால் துணி தெரிகிறது. ஏமாற்றிவிட்டார்களா? விரிசலுக்குக் கண்டிஷனர் (லெதருக்குத் தடவும் க்ரீம்) போட்டால் சரியாகுமா?

தோல்_வேலை:
பதற வேண்டாம். உடம்பு படுகிற இடத்துக்கு லெதரும், பக்கவாட்டுக்கும் பின்பக்கத்துக்கும் அதே நிறத்தில் ரெக்சினும் வைத்துத் தைப்பது சோபா வேலையில் ரொம்பச் சாதாரணம். வாங்கும்போது அதைச் சொன்னார்களா என்பதுதான் கேள்வி, லெதர் எங்கெங்கே என்று பில்லில் எழுதியிருக்கிறதா பாருங்கள். ரெக்சின் பகுதிக்குக் கண்டிஷனர் வீண், ஈரத்துணி போதும்.

விரிசல் கண்டிஷனரால் மூடாது. தண்ணீரில் கலக்கும் வகை க்ரீமை ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு ஒரு முறை மெல்லிசாகத் தடவினால் உராய்வு குறையும், இனிமேல் வருவது தள்ளிப்போகும், அவ்வளவுதான். வந்துவிட்ட விரிசலுக்கு ஃபில்லர் வைத்து நிரப்பி, மேலே நிறம் கொடுக்க வேண்டும்.

சாளரத்தோரம்:
சோபா ஜன்னல் பக்கமா இருக்கிறது? நேர் வெயில் படும் பக்கம்தான் முதலில் வெளுத்து வெடிக்கும். திரை போடுங்கள், ஹீட்டர் இருந்தால் ஓர் எட்டாவது தள்ளி வையுங்கள். அதற்காக ஈரம் தேங்கும் சுவரோடு ஒட்டியும் போடக் கூடாது, பூஞ்சை பிடிக்கும். சோபாவின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி விடுங்கள். கறுப்பு ஜீன்ஸ் போட்டு உட்கார்ந்தால் சாயம் ஏறுவதும் உண்டு, அன்றைக்கே துடைத்தால் போய்விடும்.

நிலாமுற்றம்:
ஜன்னல் பக்கம்தான்! விரிசலும் அந்த ஓரத்து மெத்தையில்தான் அதிகம். நாளைக்கே நகர்த்துகிறேன். கைப்பிடியைத் துடைத்த பிறகும் ஒட்டினால் என்ன செய்வது?

தோல்_வேலை:
நன்றாகக் காய்ந்த பிறகும் ஒட்டினால், அல்லது நகம் பட்டாலே பூச்சு சுருண்டு வந்தால், அங்கே பூச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம். மேலும் தேய்க்காதீர்கள். எண்ணெயை உறிஞ்சி எடுக்கும் டீகிரீசர் போட்டு, அப்புறம் நிறமும் மேல்பூச்சும் புதிதாகக் கொடுக்க வேண்டும். கைப்பிடிகளுக்கு மட்டும் செய்தால் போதும். லெதருக்கு நிறம் ஏற்றத் தெரிந்த ஆளாகப் பார்த்துக் கொடுங்கள், சாதாரண பெயின்ட் அடித்தால் மடிப்பில் உரிந்துவிடும்.