சூழலியல் இறையியல், விழிப்புநிலைத் தியானம், உரையாடல்: ஒரே அமர்வில் இணைப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். இயற்கையின் அழிவைக் கண்டு மனம் தளர்ந்தவர்களுக்காக ஒரு சிறு குழுவை நடத்தி வருகிறேன். தியானத்தில் தொடங்கி, சூழலியல் இறையியல் (இயற்கைக்கும் இறைநம்பிக்கைக்கும் உள்ள உறவை ஆராயும் சிந்தனை) சார்ந்த ஒரு பகுதியை வாசித்து, அதைப் பற்றி உரையாடுகிறோம். ஆனால் பேச்சு தொடங்கியதும் அது கருத்துப் போராக மாறி, தியானத்தில் கிடைத்த அமைதி கலைந்துவிடுகிறது. வாசித்த பகுதியும் எவருடைய துயரத்தையும் தொடுவதாகத் தெரியவில்லை. இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்கும்படி அமைக்க வழி உண்டா?

மறுமொழி 1:
வரிசையை மாற்றிப் பாருங்கள். பௌத்த, சூழலியல் சிந்தனையாளரான ஜோவன்னா மேசி வகுத்த பயிற்சிமுறை நன்றியுணர்வில் தொடங்கி, உலகுக்காக நாம் படும் வேதனையை மதித்து ஏற்று, அதன் பிறகே புதிய பார்வைக்கும் செயலுக்கும் செல்கிறது. உங்கள் அமர்வில் வேதனைக்கு இடம் தரப்படுவதற்கு முன்பே விளக்கம் வந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். தியானம் முடிந்ததும் ஒவ்வொருவரும் தாம் இழந்ததைப் பற்றிப் பேசட்டும். மற்றவர்கள் பதிலோ ஆறுதலோ சொல்லாமல் கேட்கட்டும். அதற்குப் பின், படைப்பு அனைத்தும் பேறுகால வேதனையில் தவிப்பதாகக் கூறும் உரோமையர் 8:22ஐ வாசித்தால், அது பாடமாக அன்றி, தாங்கள் சற்றுமுன் பேசியதன் தொடர்ச்சியாகவே அவர்களுக்குக் கேட்கும்.

மறுமொழி 2:
வரிசை குறித்து உடன்படுகிறேன். ஆனால் அமைதி கலைவதை ஏன் குறையாகக் கருத வேண்டும்? திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடல், 226ஆம் பத்தியில், அடுத்து வருவதை எண்ணாமல் ஒருவருக்கு முழுமையாக உடனிருக்கும் அமைதியான கவனத்தைப் போற்றுகிறது. அதே மடல் 19ஆம் பத்தியில், உலகுக்கு நேர்வதை நம் சொந்தத் துன்பமாக ஏற்று, நாம் செய்யக்கூடியதைக் கண்டறியுமாறு அழைக்கிறது. இறையியல் இந்த இரண்டாவது அழைப்பை நினைவூட்டாவிட்டால், தியானம் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் உத்தியாகச் சுருங்கிவிடும். (பல பயிற்சி வகுப்புகளில் இன்று நடப்பது அதுதான் என்பது என் கணிப்பு.)

மறுமொழி 3:
ஓர் எச்சரிக்கை. ஆழ்ந்த அதிர்ச்சிக்கு உள்ளானவர்களில் சிலருக்குக் கண்களை மூடி மூச்சைக் கவனிப்பதே பதற்றத்தைக் கூட்டக்கூடும். கண்களைத் திறந்து வைத்திருக்கவும், எழுந்து நடக்கவும், பேசாமல் இருக்கவும் அனுமதி உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். தேவைப்படுவோரை உளநல வல்லுநரிடம் அனுப்பவும் தயங்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. எங்கள் குழுவில் பௌத்தர்களும் இறைநம்பிக்கை அற்றவர்களும் உள்ளனர். அவர்களுக்கு விவிலியப் பகுதி அந்நியமாகத் தோன்றாதா?

மறுமொழி 1:
தோன்றலாம், அதை மறைக்க வேண்டியதில்லை. எல்லோரும் ஒரே கருத்துக்கு வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பை விட்டுவிட்டு, அடுத்த அமர்வில் வியட்நாமியப் பௌத்தத் துறவி திக் நாட் ஹான் கற்பித்த ஒன்றிய இருப்பைப் (எதுவும் தனித்து இல்லை, எல்லாம் ஒன்றையொன்று சார்ந்தே இருக்கின்றன என்ற கருத்தை) பற்றி அவர்களில் ஒருவரையே பேசச் சொல்லுங்கள். படைத்தவர் ஒருவர் உண்டா என்பதில் அப்படிப் பேசுபவரும் நீங்களும் வேறுபடுவீர்கள். அந்த வேறுபாட்டை அப்படியே வைத்துக்கொண்டு உரையாடுங்கள்.